பெருமாளுக்கு வைத்த பத்திரிகை

உத்திரமேரூர் ஏரியின் கடைசி மதகைத் தாண்டினால் எனக்கு அதற்கப்புறம் எல்லாம் வெளிநாடுதான். கப்பல் ஏறிப் போனவர்கள் திரும்பி வந்து பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தேன். மூன்று நாளில் நாலு பஸ், ஒரு ஆறு, ஒரு மாட்டு வண்டி, கூடவே ஒரு சம்பந்தியம்மா. கப்பலில் போனவர்களுக்கு இத்தனை கிடைத்திருக்காது. அதனால் நானும் எழுதலாம். மெதுவாகத்தான் எழுதுவேன். படிக்கிறவர்களும் மெதுவாகவே படிக்கட்டும்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் இளைய மகன் ஏழுமலைக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். பெண், தாமல் ஊர். கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்தால் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, வீட்டுக்கு மூத்தவர்கள் நேரில் போய் வாய் நிறையக் கூப்பிட வேண்டும். எங்கள் குலதெய்வம் திருமுக்கூடல் பெருமாள். என் வீட்டுக்காரர் முட்டி வீங்கிக் கட்டிலோடு கிடந்தார். ஆகவே நான்தான் போக வேண்டும்.

இதில் ஒரு சங்கடம். எனக்கும் பெருமாளுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

என் மூத்த மகன் கோவிந்தன். அவனுக்கு அந்தப் பெயரை வைத்ததே பெருமாளுக்காகத்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு புரட்டாசி சனிக்கிழமை நாமம் போட்டுக்கொண்டு, சொம்பு எடுத்து, வீடு வீடாகக் கோவிந்தா போட்டு அரிசி வாங்கி, அதைக் கோயிலில் சேர்க்கத் திருமுக்கூடலுக்குப் போனான். கூடப் போனவர்கள் நாலு பேர். சாமி பார்க்கும் முன் குளிக்க வேண்டும் என்று ஆற்றில் இறங்கினான். பள்ளம். கூடப் போன நாலு பேரும் திரும்பி வந்தார்கள். சொம்பு கூடத் திரும்பி வந்தது.

அன்றைக்கு முறிந்தது. அதற்காகச் சாமி இல்லை என்று சொல்லுகிற ஆள் இல்லை நான். இல்லாதவனோடு எப்படிச் சண்டை போடுவது? அவன் இருக்கிறான் என்பதுதான் என் புகாரே. எங்கள் பக்கம் பங்காளிகளுக்குள் தகராறு வந்தால் அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டோம். ஒரு வாய்ச் சோறு இல்லை, ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை. தப்புச் செய்தவன் முதலில் நம் வீட்டுக்கு வந்து கை நனைக்க வேண்டும். அப்புறம்தான் ஒட்டு உறவு. நானும் அந்தப்படிக்கே பதினோரு வருஷமாகப் பெருமாள் வீட்டில் கை நனைக்கவில்லை. பொங்கல் இல்லை, சுண்டல் இல்லை, ஒரு துளசி இலை இல்லை. பிரசாதம் நீட்டினால் நான் நகர்ந்துகொள்வதைப் பார்த்து, எனக்குச் சர்க்கரை வியாதி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

இது எப்படியோ தாமல் வரைக்கும் போய்விட்டது. பெண்ணின் தாயார், அதாவது என் சம்பந்தியம்மா, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். "அண்ணி சாமிய மதிக்கறதில்லன்னு இங்க பேசிக்கறாங்க. மொதப் பத்திரிகை வைக்கறப்ப நானும் கூட வரேன். அத்த என் கண்ணால பாத்துட்டாதான் எனக்குப் பொண்ண குடுக்க மனசு வரும்." ஏழுமலைக்கு முப்பத்தொரு வயது ஆகிவிட்டது. இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாக அமைந்த இடம் இது. பெருமாளைக் கூப்பிட்டு அவன் வீட்டில் கை நனைத்தால் கோவிந்தனுக்குத் துரோகம். கூப்பிடாவிட்டால் ஏழுமலைக்குத் துரோகம்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. பேச்சில்லாத பங்காளிக்குப் பத்திரிகை வைக்க ஒரு முறை இருக்கிறது. அவர்கள் வாசலில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "பையனுக்குக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பது. சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. கோயிலில் சுவருக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அலமேலு, போன எடத்துல வாய வச்சிக்கினு சும்மா இரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் இன்னா பண்ணப் போறேன்? அவன் பொண்டாட்டி பேர வச்சிக்கினு கீறேன், எனக்குக் கேக்க உரிமை கீது" என்றேன். தலையணையை இழுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.

முதல் நாள் காஞ்சிபுரம் பஸ். பொங்கல் கழிந்த கூட்டம். கரும்புக் கட்டு, கோழி, கைப்பிள்ளை எல்லாம் ஏறியபிறகு எனக்கும் ஜன்னல் ஓரம் ஓர் இடம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்க வேண்டாம். முழங்கை என்று ஒன்று எதற்காக இருக்கிறது?

பாதி வழியில் ரோட்டை அடைத்துக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். பஸ் சக்கரமே மிதித்துக் கொடுத்துவிடும், களத்துக்கு ஆள் வேண்டாம். எங்கள் ஊரிலும் செய்கிறதுதான், ஆனால் நாங்கள் மெல்லிசாகப் பரப்புவோம். இவர்கள் மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். சக்கரத்து அச்சில் கொடியெல்லாம் சுற்றிக்கொண்டு புகை வந்து பஸ் நின்றுவிட்டது. டிரைவர் கீழே இறங்கிக் கொள்ளுக்காரரைத் திட்டினார். "யோவ், இது பஸ்ஸா, உங்க வூட்டு மாடா?" கொள்ளுக்காரர் அசரவில்லை. "பொறுமையா எடு நைனா, காயெல்லாம் உதுந்துடப் போவுது" என்றார்.

அச்சில் சுற்றிய கொடியை அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. சும்மா இருக்க முடியவில்லை. பையிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். என் பெயர் முதல்முதலாக அச்சில் வந்திருந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்துவிட்டேன்தான், இருந்தாலும் பிறத்தியார் வாயால் கேட்க ஆசை. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். "இத்த கொஞ்சம் சத்தமா படிங்க, பேரு சரியா கீதான்னு பாக்கணும்" என்று நீட்டினேன்.

அந்த மனிதர் மேடைப் பேச்சாளர் மாதிரி படித்தார். 'திருமதி அலமேலம்மாள்' என்று அவர் சொன்னபோது பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின் சீட்டுக்காரர் கேட்டு வாங்கினார். அவரிடமிருந்து முன் சீட்டு. கைப்பிள்ளை ஒரு மூலையைச் சப்பியது. கண்டக்டர் வாங்கித் தேதியைப் பார்த்தார். "வெள்ளிக்கெழமையா? எனக்கு அன்னிக்கு லீவுதான். வடை பாயசம் உண்டா ஆயா?" என்றார். "ரெண்டு வடை" என்றேன். கடைசியில் டிரைவர் கையில் போய்த் திரும்பி வந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாகிவிட்டது. பஸ் கிளம்பியபிறகுதான் எனக்கு உறைத்தது. அது பெருமாளுக்கு வைக்க வேண்டிய முதல் பத்திரிகை. பெருமாள் இப்போது அறுபதாவது ஆள்.

கூசியிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

காஞ்சிபுரத்தில் இறங்கி, அந்த ஊர் இட்லி என்று எல்லாரும் கொண்டாடுகிறார்களே என்று ஓர் ஓட்டலில் நாஷ்டா சாப்பிட்டேன். சுக்கும் மிளகும் போட்டிருந்தார்கள். மருந்து என்று கொடுத்தால் சாப்பிடலாம், இட்லி என்று சொல்லக் கூடாது. நாலு சாப்பிட்டேன்.

தாமலில் சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். ராஜம்மா என்று பெயர். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குத்தி, பேச்சு கொஞ்சம், பார்வை நிறைய. நான் உட்காரும் முன்பே ஏரியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். "எங்க ஏரிய பாத்தீங்களா அண்ணி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும்" என்றாள். நல்ல ஏரிதான். "எங்க ஊர்ல குளிக்கற கொளம் இந்தச் சைசு இருக்கும்" என்றேன். அது பொய். அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குப் போட்ட களியில் குழம்பு ஊற்றும் குழி சின்னதாக இருந்தது, கீரைக் குழம்பு வழிந்து ஓடியது.

சாப்பிட்டு முடித்ததும் பத்திரிகையைக் கேட்டு வாங்கி விளக்கடியில் பார்த்தாள்.

"அண்ணி, மஞ்ச மூலையில இது இன்னா கருப்பா?"

டிரைவரின் கட்டை விரல். கிரீஸ்.

நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "சாமிக்கு முன்னால பஸ்ஸுக்கா வச்சீங்க?" என்றாள். அந்த இடத்தில் மறுபடி மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். கிரீஸ் மேல் மஞ்சள் நிற்கவில்லை.

இரண்டாம் நாள் காலை இருவரும் கிளம்பினோம். பெருமாளைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அவள் விரதம். நான் பழையது சாப்பிட்டேன். அவள் பார்த்தாள். மனசுக்குள் எழுதிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

காஞ்சிபுரத்தில் செங்கல்பட்டு பஸ் மாறினோம். வழியில் அவள் மெல்ல, "மூத்தவரு எப்பிடிப் போனாரு அண்ணி?" என்று கேட்டாள். சொன்னேன். முன் சீட்டில் திருநீறு பூசிய ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார் போல. திரும்பி, "போன ஜென்மத்துப் பாவம்மா, அனுபவிச்சித்தான் தீரணும்" என்றார்.

"யார் பாவம்? என்னுதா, அவனுதா?" என்றேன்.

"யாரோ ஒருத்தருது."

"போன ஜென்மத்துல பண்ணதுக்கு அந்த ஜென்மத்துலயே அடிக்கறதுதானே? நான் ரெண்டாங் கிளாஸ்தான் படிச்சேன், எங்க வாத்தியாரு கூட எதுக்கு அடிக்கறேன்னு சொல்லிட்டுதான் அடிப்பாரு. இவரு இன்னா, எப்பவோ பண்ணத மறந்தப்புறம் வந்து அடிக்கறாரு?"

பெரியவர் முன்னால் திரும்பிக்கொண்டார். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

பழைய சீவரத்தில் இறங்கினால் ஆற்றுக்கு அக்கரை திருமுக்கூடல். மூன்று ஆறு கூடும் இடம். தை மாதம் என்பதால் பெரும்பாலும் மணல். நடுவில் ஒரு பக்கமாக மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மணலில் நடந்தபோது ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஓரம் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. பதினோரு வருஷமாக இந்த ஆற்றை நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் பாலாற்றைத் தாண்டினால் கூடக் கண்ணை மூடிக்கொள்வேன்.

தண்ணீரில் இடுப்பில் மீன் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கரையோரக் குடிசைகளில் இருக்கும் இருளப் பெண். பெயர் கன்னியம்மா என்றாள். எங்களைப் பார்த்ததும், "அங்க எறங்காதீங்க ஆயா, பள்ளம். என் பின்னாலயே வாங்க" என்றாள்.

"பள்ளம் எப்பவும் அங்கதானா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆயா. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எடம் மாறும். போன வருஷம் நல்லா இருந்த எடம் இந்த வருஷம் ஆள முழுங்கும்."

"உங்க சாமி யாரு?"

"கன்னிமாருதான். தண்ணிலதான் கீறாங்க. மீனு குடுக்கறதும் அவங்கதான், ஆள எடுக்கறதும் அவங்கதான்."

"ஏன் எடுக்கறன்னு நீ கேட்டதில்லையா?"

கன்னியம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டு, மீனையும் நிறுத்திட்டாங்கன்னா? நீ நெலம் வச்சிக்கினு கீற ஆயா, சண்டை போடலாம். எனக்கு மத்தியான சோத்துக்கு அவங்க வேணும்." அதோடு, "கால நல்லா ஊனு" என்று அதட்டினாள்.

முழங்கால் வரை தண்ணீர். நடுவில் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சம்பந்தியம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒல்லி உடம்பு என்று நினைத்தேனே, அந்தப் பிடி இருக்கிறதே, உழவு மாட்டைப் பிடிக்கிற பிடி. கன்னியம்மா எங்களை அக்கரையில் விட்டுவிட்டு மீன் பார்க்கப் போய்விட்டாள்.

ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு மணலில் உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏழு பெத்தேன் அண்ணி. மூணுதான் கீது."

எனக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போனபோது இருக்கிற மூன்று பேரைத்தான் காட்டினார்கள்.

"நீங்க ஒரு வாட்டி கூட ஏன்னு கேட்டதில்லையா?"

"இல்ல. பயம்."

"அடிப்பான்னா?"

"பதில் சொல்லிட்டான்னா?" என்றாள். "'இதோ பாரு ராஜம்மா, இதுக்காகத்தான் எடுத்தேன்'னு அவன் ஒரு காரணம் சொல்றான்னு வைங்க. நல்ல காரணமாவே இருக்கட்டும். அத்த கேட்டுட்டு நான் சரின்னு தலையாட்டணுமே. நாலு புள்ளைக்கும் அந்தக் காரணம் போதும்னு நான் ஒத்துக்கணுமே. மாட்டேன் அண்ணி. அதுக்கு அவன் வாயத் தொறக்காம இருக்கறதே மரியாத. நான் வெளக்கேத்தறேன், அவன் கம்முனு கீறான். அப்பிடியே ஓடுது."

நான் அவள் முந்தானையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

கோயில் நடை சாத்தியிருந்தது. சாயங்காலம்தான் திறப்பார்களாம். பசி வந்துவிட்டது. தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. ஒன்றைப் பிய்த்தேன்.

"அண்ணி! சாமிக்கு வச்சது!" என்று பதறினாள்.

"இன்னும் வைக்கலையே. வைக்கற வரைக்கும் என்னுது" என்றேன். இரண்டு சாப்பிட்டேன். அவள் எச்சில் விழுங்கினாளே தவிர விரதத்தை விடவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. இவள் பெண் என் வீட்டுக்கு வந்தால் எனக்குச் சரியான ஜோடியாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நடை திறந்தது. அர்ச்சகர் எழுபது வயதுக்காரர். தட்டை வாங்கி, பத்திரிகையைப் பெருமாள் பாதத்தில் வைத்துவிட்டு, "கூப்பிடும்மா" என்றார்.

நான் திட்டப்படி பக்கத்துத் தூணைப் பார்த்தேன். "பையனுக்குக் கல்யாணம்" என்றேன்.

"ஏம்மா, பெருமாள் இந்தப் பக்கம் இருக்கார்" என்றார் அர்ச்சகர்.

சம்பந்தியம்மாவின் பார்வை என் பிடரியில் குத்தியது. இதைப் பார்க்கத்தான் தாமலிலிருந்து பட்டினியாக வந்திருக்கிறாள். நான் தூணை விட்டுத் திரும்பவில்லை. கடைசியில் அவளே அர்ச்சகரிடம் தாழ்ந்த குரலில், "இவங்க மூத்த புள்ள இந்த ஆத்துலதான் சாமி. கோயிலுக்கு வரப்ப பூட்டாரு" என்றாள்.

அர்ச்சகர் தட்டைக் கீழே வைத்தார். "நல்ல பிள்ளைகளைப் பெருமாள் சீக்கிரம் தன்கிட்ட அழைச்சுக்கறார்மா" என்றார்.

"அப்பிடின்னா நீங்க எழுபது வருஷமா கீறீங்களே சாமி" என்று என் வாயில் வந்துவிட்டது.

சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அர்ச்சகர் அப்படியே பார்த்தார், அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. "எனக்குத் தெரியலம்மா. சொல்லிச் சொல்லிப் பழகிடுத்து. நானும் இவர்கிட்ட நிறைய கேட்டிருக்கேன். இவர் வாயத் திறக்கல. நான் போய் எண்ணெய் எடுத்துண்டு வரேன், நீ பேசு" என்று உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் திரும்பிப் பெருமாளைப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் எனக்கு முன் பல் நாலு போய்விட்டது, தலை வெளுத்துவிட்டது. அவன் அப்படியே இருந்தான். ஒரு சுருக்கம் இல்லை. சுவருக்குச் சொல்லிவிட்டுப் போவது என்ற எண்ணம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இதோ பாரு" என்றேன். "உன் வூட்ல நான் கை நனைக்க மாட்டேன். தப்பு உன்னுது. உன்ன பாக்க வந்த புள்ள, உன் வாசல்ல போச்சு. நீ எதுவும் சொல்ல வேணாம், நான் கேக்கவும் இல்ல. நீ வா. கல்யாணத்துக்கு வரது அப்புறம். அதுக்கு மொத நாளு கோவிந்தனுக்குப் படையல் போடுவோம், அன்னிக்கு வா. அவன் எலைக்கு எதிர் எலை உனக்கு. அவன் மூஞ்சிய பாத்துக்கினே ஒரு வாய் எடுத்து வையி. அதுக்கப்புறம் பேசிக்கலாம். வா."

கடைசி 'வா' கோயில் முழுக்கக் கேட்டது.

அர்ச்சகர் எண்ணெயோடு வந்து விளக்கைத் தூண்டினார். இரண்டு தொன்னையில் புளியோதரை எடுத்து நீட்டினார். நான் பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். வழக்கமான சர்க்கரை வியாதிப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஏழுமலை கல்யாணம் அந்தத் தொன்னையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தாள், தொன்னையைப் பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டி இரண்டையும் வாங்கினாள். வெளியே படியில் உட்கார்ந்து ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதில் கை வைத்தாள்.

"அது என்னுது" என்றேன்.

"சண்டை உங்களுக்கும் அவனுக்கும். நடுவுல சோறு இன்னா பண்ணிச்சி? வீணா போவணுமா?" என்றாள்.

கேட்டுவிட்டேன். "ராஜம்மா, கல்யாணம்?"

"அதுக்கு இன்னா?" வாயில் இருந்த கடலையை மென்று முடித்தாள். "சாமிய மதிக்காதவங்கன்னு சொன்னாங்க. நானும் பயந்துக்கினு வந்தேன். மதிக்காதவங்க எலை போட்டுக் கூப்புடுவாங்களா? எங்க வூட்ல தலைமொறையா மொதப் பத்திரிகை வைக்கறோம். இப்பிடி வாய் நெறைய ஒருத்தரும் கூப்ட்டதில்ல. பாவம், அவனுக்கே பேஜாரா பூட்டிருக்கும்."

அன்றைக்கு அந்த ஊரிலேயே அவளுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினோம். மூன்றாம் நாள் அவள் ஆற்றைத் தாண்டிப் போனாள். உத்திரமேரூர் பக்கம் நெல் ஏற்றிப் போகும் ஒரு வண்டியில் மூட்டை மேல் எனக்கு இடம் கிடைத்தது. மூட்டை மேல் உட்கார்ந்து போகிற சுகம் எந்தக் கப்பலிலும் இருக்காது. வண்டிக்காரர் வழியெல்லாம் தன் மாட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏரிக்கரை தெரிந்ததும்தான் நான் வாயைத் திறந்தேன். தாமல் ஏரியும் நல்ல ஏரிதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

பயணம் அதோடு முடிந்தது. ஆனால் கூப்பிட்ட விருந்தாளி வந்தானா என்று சொல்லாமல் விட்டால் படிக்கிறவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் படையல். கோவிந்தனுக்குப் புது வேட்டி வைத்து இலை போட்டேன். அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். எதிரில் பெருமாள் உட்காருகிறாரே என்று என் வீட்டுக்காரர் தயங்கினார். "வரவரு சகிச்சிக்கினு சாப்புடட்டும்" என்று ஊற்றினேன். எதிர் இலையில் புளியோதரை, வடை, பாயசம். கோயிலில் கொடுப்பதை விட நல்லெண்ணெய் கொஞ்சம் கூடவே விட்டேன். கூப்பிட்டுவிட்டுக் குறை வைக்கக் கூடாது.

மறுநாள் பெண்ணோடு வர வேண்டிய சம்பந்தியம்மா அன்றைக்கே தனியாக வந்து நின்றாள். "யாரு வராங்கன்னு பாக்க வந்தேன்" என்றாள்.

படைத்தபிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பது வழக்கம். உள்ளே வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமே. நின்றோம். ஏழுமலை மாவிலையைக் கிள்ளிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து நான் இருமிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

கோவிந்தன் இலை அப்படியே இருந்தது. வருஷா வருஷம் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் கதவு திறக்கும்போது ஒரு தரம் மனசு அடித்துக்கொள்ளும். எதிர் இலையைப் பார்த்தேன். அதிலும் ஒரு பருக்கை நகரவில்லை. பாயசத்தில் ஆடை கட்டியிருந்தது.

"வரல போலக் கீது" என்றார் என் வீட்டுக்காரர், எனக்கு வருத்தமாக இருக்கும் என்று மெதுவாக.

நான் அந்த இரண்டு இலையையும் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் கோவிந்தன் போன அன்றைக்கும் அதற்கப்புறம் எட்டு நாளும் என் முன்னால் வைத்த இலை இப்படித்தான் இருந்தது.

"வந்தான்" என்றேன். "சோறு எறங்கல. எதிர்ல அந்தப் புள்ளைய உக்கார வச்சிக்கினு யாருக்கு எறங்கும்?"

சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சினாள். எனக்குத் திடீரென்று பசித்தது, காலையிலிருந்து அடுப்படியில் நின்ற பசி. போய்ப் பெருமாள் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து புளியோதரையில் கை வைத்தேன்.

"அண்ணி," என்றாள் சம்பந்தியம்மா, "அது பெருமாள் எலை."

"எலை அவனுது. வூடு என்னுது" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வடையை எடுத்துக்கொண்டாள்.